ஒரு வெற்று வரி

“இந்த வீட்டில ஒங்களுக்கு என்ன கொற, மருமகன்?”

“ஒண்டும் இல்ல, மாமா.”

ஆறு வருடங்களுக்கு முந்திய பேச்சு அது. கற்பிட்டியில் வாடகைக்குப் பார்த்திருந்த வீட்டின் திறப்புச் சாவியை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டான் அஸ்மின். கதவோரம் நின்ற ஸும்ரா வாயே திறக்கவில்லை. மனைவி அவளுடைய வாப்பாவின் பக்கம்தான் என்று முடிவு செய்துகொண்டான். பிறகு அந்தக் கதையை எடுக்கவேயில்லை.

மாப்பிள்ளை பெண் வீட்டில் இருப்பது அவர்கள் ஊரான தில்லையடியில் புதினமில்லை. குறை என்று சொல்லவும் எதுவும் இல்லை. மின்விசிறியின் வேகத்தைக் கூட்டி வைப்பதென்றாலும் மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பள்ளிவாசலில் வீட்டுக்கு ஒரு பங்கு குர்பான் இறைச்சி கொடுக்கிறார்கள். அதன் நிர்வாகத்தில் இருந்த மாமா நூஹு, ஊரார் பெயர்களை அஸ்மினிடம் அட்டவணையாகக் கேட்டிருந்தார். ஸும்ரா கணினியில் அடித்துக் கொடுத்த கோப்பில் அவை கொத்துக் கொத்தாகக் கிடந்தன. முதலில் வீட்டுத் தலைவர், கீழே மற்றவர்கள். ஒரு வெற்று வரி. பிறகு அடுத்த வீடு.

அவற்றை அட்டவணையாக்க அஸ்மின் ஒரு சின்ன ஸ்கிரிப்ட், கணினி நிரல், எழுதினான். வெற்று வரிக்குப் பின் வரும் பெயர்தான் தலைவர். அடுத்த வெற்று வரி வரும்வரை எல்லார் பக்கத்திலும் அந்தப் பெயரே விழ வேண்டும். ஆளுக்கு ஒரு வரிசை.

ஓடவிட்டான்.

நூஹுவின் பெயரோடு மாமி மட்டுமே இருந்தார். அடுத்த மூன்று வரிசைகளில் அவன், ஸும்ரா, மகள் அஸ்கா. மூவருக்கும் தலைவர் என்று அவனுடைய பெயர்.

அஸ்மின் குரலைத் தாழ்த்திக்கொண்டான். மாமா விறாந்தையில்தான் இருந்தார்.

“எங்கட பேருக்கு மேல ஒரு வெற்று வரி கூடுதலா விழுந்திட்டு, புள்ள. மாமா கண்டா, வீட்ட ரெண்டாக்கினது நான் எண்டு நெனப்பார்!”

அந்த வரியை அழிக்கப் போன கையை, பக்கத்தில் நின்ற ஸும்ரா பிடித்துக்கொண்டாள்.

“நல்ல கம்ப்யூட்டர்காரன்! மிஷினுக்கு வெளங்கினது ஒங்களுக்கு வெளங்கல்ல. வேணுமெண்டுதான் நான் அந்த வரிய விட்ட.”

அவன் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தான்.

“அண்டைக்குக் கற்பிட்டி வீட்டுத் திறப்பத் திருப்பிக் குடுக்க முந்தி, என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா?”

விறாந்தையில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமா உள்ளே வந்துகொண்டிருந்தார். ஸும்ரா கையை விடவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை.

“எங்களத் தனியாக் கூட்டிட்டுப் போங்க.”