கறை காட்டாத துணி

சாப்பிட்டுக் கைவாய் துடைக்கச் சதுரம் சதுரமாகத் தைத்துவைக்கத் துணி கேட்டாள் முத்துசெல்வி. தென்காசிக் கடைக்காரர் ஏசுவடியான் மெரூன் பருத்தியை விரித்தார்.

“மேலகரத்துல ஒருத்தர் இதுல மீன்குழம்புச் சட்டியையே கவுத்தாரு. போலீஸ் நாய் வந்து மோந்தும் கறையக் கண்டுபிடிக்கல!”

“வெள்ளை குடுங்க அண்ணாச்சி.”

“வெள்ளையா? ஒரு சொட்டு பட்டாலும் ஊருக்கே காட்டிக்குடுத்துருமே! போன வருசம் மெரூன்தான வாங்குனிய? வீட்டுக்காரருக்குப் பிடிக்கலையோ?”

“ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. இருமும்போதெல்லாம் அதையே வாயில வச்சுக்கிட்டாவ. ரத்தம் வந்திருக்கு. துவைச்ச எனக்கே, அவிய போய்ச் சேருற வரைக்கும் தெரியல.”

ஏசுவடியான் மெரூனைச் சுருட்டினார். வெள்ளையை எடுத்தார்.

“இப்ப யாருக்கும்மா வெள்ளை?”

“மவனும் இருமுதான்.”