பூச்சி மண்டபம்

"இந்தக் கொம்பு ரெண்டையும் எடுத்துடலாம்மா. இடி விழும்."

சொன்னதோடு நிற்காமல், அட்டையில் செய்த வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டடத்தின் கொம்புகளை வெடுக்கென்று பிடுங்கி டீ சாசரில் போட்டார் தேர்வுக்குழுத் தலைவர்.

நாற்பது நாள் உட்கார்ந்து அந்த அட்டை மாடலை ஒட்டியவன் துடித்துப்போனான். கட்டடக் கலைஞரான அவனுடைய அண்ணியோ, பக்கத்தில் சிரித்த முகமாக நின்றாள்.

நகரத்தின் புதுக் கலையரங்கம் இயற்கை வடிவத்தில்தான் இருக்க வேண்டும் என்று விளம்பரம் கொடுத்ததே இந்தக் குழுதான். இன்று கையெழுத்து கிடைக்காவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அண்ணி தன் அலுவலகத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

"எடுத்துடலாம் சார்," என்றாள்.

செயலாளர் குனிந்தார். "இந்த ரெண்டு வட்ட ஜன்னல் என்னம்மா?"

"பூச்சியோட கண்ணு சார்."

"முறைக்கிற மாதிரி இருக்கே. உள்ளே உட்கார்ந்து நிம்மதியா வேலை பார்க்க முடியுமா?"

"தூங்கவும் முடியாது," என்றார் பக்கத்து உறுப்பினர்.

எல்லோரும் சிரித்தார்கள். கண்களும் சாசருக்குப் போயின.

"ஆறு காலும் ஏம்மா சாய்ஞ்சு நிக்குது? பார்க்கறவன் கட்டடம் விழப்போகுதுன்னு ஓடிடுவான்."

"நேரா நிறுத்திடலாம் சார்."

"சுவர் வளைஞ்சிருக்கு. பீரோவை எங்கே சாத்தி வைக்கறது?"

"அதையும் நேராக்கிடலாம் சார்." அட்டைக் கால்களையும் சுவரையும் அவளே அமுக்கி நிமிர்த்தினாள்.

கொழுந்தன் அவள் காதருகே வந்தான். "அண்ணி, இறக்கையை மட்டுமாவது..."

"வாயை மூடிக்கிட்டு நில்லு தம்பி."

"இறக்கை மேல விழற காக்கா எச்சத்தை யார் கழுவறது?" என்று தலைவர் கேட்டு முடிப்பதற்குள், இடது இறக்கை செயலாளர் கையிலும் வலது இறக்கை உறுப்பினர் கையிலும் இருந்தன.

மேசையில் மிஞ்சியது ஒரு நீளமான ஹால். நாலு சுவர், ஆறு தூண், மேலே ஒரு கூரை. அவ்வளவுதான்.

தலைவர் இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இப்பத்தாம்மா இயற்கையா இருக்கு! நாங்க மட்டும் கவனிக்கலேன்னா நீங்க எங்கேயோ போயிருப்பீங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டார்.

படிக்கட்டில் இறங்கும்போது கொழுந்தன் வெடித்தான். "இதுக்குப் பேரு வண்ணத்துப்பூச்சியா? தீப்பெட்டி! அவங்க பிய்க்கப் பிய்க்கத் தலையாட்டி பொம்மை மாதிரி ஆட்டறீங்க. உங்களுக்கு ரோஷமே கிடையாதா அண்ணி?"

"கத்தாதே. புது வரைபடம் எதுவும் நீ போட வேண்டாம். என் பையில சுருட்டி வச்சிருக்கேன் பாரு, அதையே மேஸ்திரிகிட்ட குடுத்துடு."

அவன் பிரித்துப் பார்த்தான். அதே ஹால். அதே நாலு சுவர், நேரான ஆறு தூண். தேதி மட்டும் மூன்று வருடம் பழசு.

"அண்ணி... இது?"

"நீ வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி இவங்ககிட்ட குடுத்தது. காத்தும் வெளிச்சமும் தாராளமா வரும். நாடகம் போடறவங்களுக்கு வேற என்ன வேணும்? கொம்பு, கண்ணு, இறக்கை எல்லாம் இவங்க பிய்க்கறதுக்குன்னே அப்புறமா ஒட்டினது."

வரைபடத்தின் அடியில், சிவப்பு மையில், அதே தலைவரின் கையெழுத்து. அதற்கு மேல் ஒரே ஒரு வரி: 'கற்பனை போதாது. நிராகரிக்கப்படுகிறது.'