எந்த ரூமுக்கு?

"எந்த ரூமுக்கு சார்?" என்று கேட்டேன். சுவரில் ஒளிக்கோடு அடித்து மட்டம் காட்டும் லேசர் லெவல் விற்கிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

"அது உனக்கெதுக்கு? இருக்கறதுலயே ஒசத்தியானதை எடு."

"வீட்டுக்குள்ள வேலைன்னா இந்தச் சின்ன சிவப்புக் கோடே போதும் சார்."

"சிவப்பும் வேணாம், கிவப்பும் வேணாம். பச்சைக் கோடு, நாலு சுவரையும் சுத்தி அடிக்கணும். கொத்தனார் தரை டைல்ஸைச் சாய்ச்சுப் போட்டு வச்சிருக்கான். கேட்டா, 'அப்படித்தான் போடணும்'னு எனக்கே பாடம் எடுக்கறான்!"

கொத்தனாரைத் தூக்கில் போடக் கயிறு வாங்கியவர் போல, பெட்டியோடு விறுவிறுவென்று போனார்.

பத்து நாள் கழித்து அதே பெட்டி என் மேஜையில் வந்து விழுந்தது.

"இதெல்லாம் ஒரு லெவலா? டப்பா!"

"கோடு பிசகுதா சார்?"

"அதெல்லாம் இல்ல. ரெண்டு தடவை பேர்த்துப் போட வச்சேன். இப்ப நாலு மூலையும் மயிரிழை மாறாம கோட்டுல உட்கார்ந்திருக்கு."

"அப்புறம் என்னதான் குறை?"

கடைக்குள் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, குரலை இறக்கினார்.

"பாத்ரூம்ல குளிச்ச தண்ணி ஓட்டைப் பக்கமே போகமாட்டேங்குதுப்பா!"