மாமா என்ன பண்றாரு?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரவர் வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டே போனில் குரூப் கால் போட்டு அரட்டை அடிப்பது அந்த மூன்று பேரின் வழக்கம். ஆன்லைனில் பழகியவர்கள், நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. பேக்கரிக்காரி பாத்திரம் தேய்த்தாள். 'கொட்டாவி' என்று எல்லோரும் கூப்பிடும் வேன் டிரைவர் சட்டைக்கு இஸ்திரி போட்டான்.

"அக்கா, மாமா என்ன பண்றாரு?" என்று தையல்காரியை வழக்கம்போலக் கேட்டான்.

அவள் கணவர் போன வருடமே கண்ணை மூடிவிட்டார். சொன்னால் இந்த அரட்டையும் துக்க வீடாகிவிடும் என்று அவள் மூச்சுவிடவில்லை. வாரத்துக்கு ஒரு பொய்யை எடுத்துவிடுவாள்.

"உள்ள துணி மடிக்கிறாருடா."

"அதானே பார்த்தேன்! உதறுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது," என்றாள் பேக்கரிக்காரி. "எங்க வீட்டுக்காரரும் இருக்காரே, ஒரு துரும்பைக் கிள்ளிப் போட மாட்டாரு."

தையல்காரி எழுந்துபோய் எட்டிப் பார்த்தாள். அறையில் யாரும் இல்லை. காலையில் அவள் கட்டிலில் குவித்துப் போட்ட துணியில் பாதி, அவர் மடிக்கிற மாதிரியே சட்டைக் கைகளை உள்பக்கம் மடக்கி, அடுக்கியிருந்தது.

கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"என்னக்கா, மாமா முடிச்சுட்டாரா?"

"இன்னும் பாதி இருக்கு," என்றாள். "கொஞ்ச நேரம் யாரும் பேசாதீங்க."