மூன்றாவது வரிசை

மலைப்பாதையில் பேருந்து வளைந்து வளைந்து ஏறுகிறது. காலை வெயில் ஒவ்வொரு திருப்பத்திலும் உள்ளே வந்து, பயணிகளின் மடியில் சற்று உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறது. மூன்றாவது வரிசையில், ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஜன்னலோரம் இருக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறாள். இதே பாதையில் காலமெல்லாம் பேருந்து ஓட்டியவர், பயணியாக வருவது இதுதான் முதல் தடவை. ஆனாலும் கண் ரோட்டை விட்டு அகலவில்லை. வளைவு வரும்போதெல்லாம் அவருடைய வலது கால், இல்லாத பிரேக்கை ஓங்கி மிதிக்கிறது. மனைவியின் போன் அடிக்கிறது. மகள். “அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் பண்ணது இன்னும் முழுசா ஆறல. அதுக்குள்ள எதுக்கும்மா ஊர் சுத்தறீங்க?” “கால் நல்லாத்தான் இருக்கு. கிளம்பினதுல இருந்து பஸ்ஸை உங்கப்பாதான் ஓட்டிட்டு வர்றார்.” மறுமுனையில் கோபம் சிரிப்பாக உடைகிறது. அடுத்த வளைவில் கால் மறுபடி அழுந்த, மனைவி அந்த முட்டியின்மேல் கையை வைக்கிறாள். “முன்னாடி இருக்கறவர் பாத்துப்பார். நீங்க வெளிய பாருங்க.” அவர் தயங்கித் தயங்கித் தலையைத் திருப்புகிறார். வெகு ஆழத்தில், பள்ளத்தாக்கு நெடுகிலும் தண்ணீர் மினுங்குகிறது. முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, “இங்க ஆறு ஓடுதா?” என்கிறார்.