வள்ளலின் வைஃபை

"இங்க பாருடி, என் மூஞ்சி பாதியிலேயே நின்னுபோச்சு! எல்லாம் அந்த எதிர்வீட்டு டீச்சர் பண்ற வேலை!"

லேப்டாப் திரையில் வாயைப் பிளந்தபடி உறைந்திருந்த தன் முகத்தையே அவர் முறைத்தார். பதினொரு மணிக்கு இன்டர்வியூ. வேலை போய் ஏழு மாதம் கழித்து வந்திருக்கும் முதல் அழைப்பு. அதற்குத்தான் இந்த ஒத்திகை.

"அவங்க என்னங்க பண்ணாங்க?" அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஆன்லைன்ல பாடம் எடுக்கிறாங்கல்ல, நம்ம வைஃபையில! குடிவந்த அன்னைக்கே வலியப் போய் பாஸ்வேர்டு கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அவர் வலியப் போய்க் கொடுத்த கதை அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாததல்ல. படிக்கட்டில் எவர் எதிர்ப்பட்டாலும், "வேலை இல்லாட்டி என்ன சார், ரெண்டு வீட்டுக்கு என் வைஃபைதான்" என்பார். மனைவி அவருக்கு வைத்திருந்த பெயர் வள்ளல்.

"இன்னைக்கு ஒரு நாள் அவங்களைக் கழட்டி விடறேன். பாஸ்வேர்டை மாத்தினா முடிஞ்சது."

"ஐயோ, அதைத் தொடாதீங்க!" மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"எனக்குத் தெரியாத ரூட்டரா?"

தெரியவில்லை. அதனால் அதன் பின்பக்கத்து 'ரீசெட்' துளையில் ஊக்கை நுழைத்து அழுத்தினார். ரூட்டருக்கு மேலே, வேலை போன வாரத்தில் அவரே ஆணி அடித்து மாட்டிய சாமி படம். "ஒரே ஒரு நாளைக்குத்தான், மன்னிச்சிரு" என்று அதற்கு ஒரு கும்பிடும் போட்டார்.

ரூட்டரின் விளக்குகள் அணைந்து எரிந்தன. பச்சை வரவேண்டிய இடத்தில் சிவப்பு வந்தது. பிடுங்கிச் செருகினார். தட்டினார். ஊதியும் பார்த்தார். சிவப்பு மாறவில்லை. மணி பத்து ஐம்பது.

"லேப்டாப்பை எதிர்வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க," என்றாள் மனைவி.

"புரியாமப் பேசாதே. இங்க செத்தா அங்கயும் செத்திருக்கும். பாவம், பாடம் நடுவுல நின்னிருக்கும்." சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

மனைவி எதிர்வீட்டுக்கு ஓடி, டீச்சரோடு திரும்பி வந்தாள்.

"என்னாலதான் உங்க பாடம் நின்னுபோச்சு. மன்னிச்சிரும்மா," என்றார் அவர்.

டீச்சர் விழித்தார். "நெட் நிக்கலையே அண்ணே. உங்களுக்குத் தடையில்லாம வரட்டும்னு நானேதான் பாடத்தை நிறுத்திட்டு வந்தேன். பிள்ளைங்க எழுதிட்டிருக்கட்டும். வாங்க, மேசையெல்லாம் ஒழிச்சு வச்சிருக்கேன்."

"என் ரூட்டர் செத்துக் கிடக்கு. உங்களுக்கு எப்படிம்மா நெட் வரும்?"

டீச்சர் மனைவியைப் பார்த்தார். மனைவி சாமி படத்தைப் பார்த்தாள்.

"இந்தப் படத்தை மாட்டினீங்களே, அன்னைக்கே உங்க ஆணி நம்ம நெட் வயரைத் துளைச்சிருச்சுங்க. அதுலேருந்து டீச்சர் தனக்குன்னு போட்ட லைனைத்தான் ஆள் கூப்பிட்டு நம்ம ரூட்டர்லயும் சேர்த்து விட்டிருந்தாங்க," என்றாள் மனைவி. "வேலைதான் போச்சு, வள்ளல் பட்டமாவது இருந்துட்டுப் போகட்டும்னு நாங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்கலை."