அடைகாத்தவளின் தேர்வு

கல்லூரி என்றால் அடைகாக்கும் கோழியை எவரும் நினைப்பதில்லை. கூட்டைவிட்டு எழ முடியாதவளுக்குப் படிப்பு எதற்காம்? அவளோ உட்கார்ந்த இடத்திலேயே தொலைநிலைக் கல்வியில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் படித்தாள். இணையவழி இறுதித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது "கீச்" என்றொரு குரல் கேட்டது.

திரையில் கண்காணித்துக்கொண்டிருந்த வான்கோழியார் சீறினார்: "யாரம்மா அது, விடை சொல்லிக்கொடுப்பது? தேர்வை ரத்து செய்துவிடுவேன்!"

படித்ததெல்லாம் வீணாகிவிடுமோ என்று கோழி பயந்தாள். சிறகை விலக்கி, ஈரம் காயாத குஞ்சைக் கேமராவுக்குக் காட்டினாள்.

"இப்போதுதான் ஐயா, முட்டையை உடைத்துக்கொண்டு வந்தது. இதற்கு எந்த விடை தெரியுமென்று நீங்களே கேளுங்கள்."

வான்கோழியாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எழுதம்மா, எழுது."

கோழி மிச்சத்தையும் எழுதி முடித்தாள். தேர்ச்சி பெற்றாள், இப்போது ஒரு கணினி மையத்தில் பாடம் நடத்துகிறாள்.